நாற்பத்தேழாம் இலக்கம் திறக்காத நாள்: ஜீனோம் தரவைச் சுருக்கி வைத்த ஒரு கொழும்பு ஆய்வுகூடத்தின் அனுபவம்

சென்ற வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிறுவர் நரம்பியல் டொக்டர் ஒருவர் எங்களுக்குப் போன் எடுத்தார். 2016-இல் அவர் அனுப்பிய ஒரு பிள்ளை பற்றிய விஷயம். எங்கள் பதிவேட்டில் அந்தப் பிள்ளை 47-ஆம் இலக்கம். அப்போது பிள்ளையின் எக்சோமை, அதாவது ஜீனோமில் புரதங்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கும் பகுதிகளை மட்டும், வாசித்து அலசியதில் ஒன்றும் பிடிபடவில்லை. "தாய் திரும்பவும் வந்திருக்கிறா. இந்த எட்டு வருடத்தில் எவ்வளவோ புதிய ஜீன்கள் தெரியவந்துவிட்டன. பழைய தரவையே எடுத்து இன்னொரு தரம் பார்க்க ஏலுமா?" என்று கேட்டார். "ஓம் டொக்டர், நாளைக்கே பார்க்கிறோம்" என்றேன்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நாங்கள் தரவைக் கட்டிக் காக்கிறோம். பிள்ளையிடம் திரும்ப இரத்தம் எடுக்கத் தேவையில்லை, வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பத் தேவையில்லை, டொலரில் காசு கட்டத் தேவையில்லை. கோப்பைத் திறந்தால் போதும்.

கோப்பு திறக்கவில்லை. எங்கள் இளைய உதவியாளர் முதல் சில வரிகளைத் திரையில் காட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். ஒரு வரிகூட வராமல் பிழைச் செய்தி வந்து நின்றது. "அண்ணா, இந்தக் கோப்பு பழுதாப் போச்சு போல" என்றார். எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அந்தக் கோப்பை 2022-இல் சுருக்கியவன் நான். சுருக்கிய பிறகு மூலக் கோப்புகளை அழித்தவனும் நானே.

அந்த நாள் எப்படி வந்தது, எப்படித் தீர்ந்தது என்பதை எழுதுகிறேன். எங்களைப் போல நான்கு டிஸ்க் உள்ள ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஜீனோம் தரவோடு மல்லுக்கட்டும் சின்ன ஆய்வுகூடங்கள் இலங்கையில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு இது உதவும்.

பெட்டி நிரம்பிய காலம்

எங்களிடம் இருந்தது ஆறு டெராபைட் டிஸ்க் நான்கு போட்ட ஒரு சேமிப்புப் பெட்டி. ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்படி அமைத்திருந்ததால் பயன்பாட்டுக்குக் கிடைத்தது 18 டெராபைட். 2022 தொடக்கத்தில் 180 பேரின் எக்சோமும் 40 பேரின் முழு ஜீனோமும் அதற்குள் இருந்தன. டெங்கு வைரசுக்காக நானோபோர் என்ற, நுண்துளையினூடாக டீஎன்ஏயைச் செலுத்தி வாசிக்கும் இயந்திரத்தில் எடுத்த தரவும் இருந்தது. மிச்சம் இருந்த இடம் ஒரு டெராபைட்டுக்குச் சற்றுக் கூட.

வேறு வருடமாக இருந்தால் இன்னொரு பெட்டி வாங்கியிருப்போம். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 350-ஐத் தாண்டிவிட்டது. பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகளில் காலையில் கேட்ட விலை பின்னேரம் இல்லை. பல நாள் டிஸ்க்கே இல்லை. மேகச் சேமிப்புக்கு மாதாமாதம் டொலர் கட்ட வழியில்லை. மார்ச் 31 அன்று பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும்போது நிரம்பி வழியும் பெட்டியை ஓட்டுவது எவ்வளவு பயமான வேலை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இருக்கிற இடத்துக்குள் இருக்கிற தரவை அடக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒரு கோப்புக்குள் மூன்று பொருள்

முதலில் நான் செய்தது பலரும் செய்வதுதான்: கோப்புகளை இன்னும் பலமாகச் சுருக்கும் ஒரு மென்பொருளைத் தேடினேன். ஏற்கெனவே ஜீஸிப் என்ற பொதுச் சுருக்கு மென்பொருளால் சுருக்கிய கோப்பை மறுபடி ஸிப் பண்ணிப் பார்த்தேன். ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து, இந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

வரிசையாக்கும் இயந்திரம் தருவது ஃபாஸ்ட்கியூ என்ற எழுத்துக் கோப்பு. டீஎன்ஏயின் ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் நான்கு வரி. முதல் வரி துண்டின் பெயர். இரண்டாம் வரி ஏ, சீ, ஜீ, டீ என்ற எழுத்துகள். மூன்றாம் வரியில் வெறும் கூட்டல் குறி. நான்காம் வரி தர எண்கள்: ஒவ்வொரு எழுத்தையும் இயந்திரம் எவ்வளவு நிச்சயத்தோடு வாசித்தது என்பதை ஒவ்வொரு குறியால் சொல்லும். 20 என்றால் பிழையாக இருக்க நூறில் ஒரு வாய்ப்பு, 30 என்றால் ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு.

மனித ஜீனோம் ஏறத்தாழ 310 கோடி எழுத்து. அதை முப்பது மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக முப்பது தரம், வாசித்தால் 9,300 கோடி எழுத்து. எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் 93 கிகாபைட். தர எண்களுக்கு இன்னொரு 93. பெயர்களையும் சேர்த்தால் ஒரு ஆளின் கோப்பு 200 கிகாபைட்டைத் தாண்டும். நான்கே எழுத்து என்பதால் ஒரு எழுத்துக்கு இரண்டு பிட் காணும். அப்படி எழுதினாலே எழுத்துப் பகுதி 23 கிகாபைட்டாக இறங்கிவிடும்.

சரி, ஜீஸிப் ஏன் அதற்கு மேல் போக முடியாமல் திணறுகிறது? அது பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடிய தூரம் 32 கிலோபைட் மட்டும். நூறு எழுத்துத் துண்டு ஒன்று பெயர், தர எண் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 255 பைட். அப்படியானால் ஜீஸிப்பின் ஞாபகத்தில் ஒரே நேரத்தில் இருப்பது 130 துண்டளவுதான். எங்கள் எக்சோம் கோப்பு ஒன்றில் ஆறு கோடித் துண்டு. ஜீனோமின் ஒரே இடத்திலிருந்து வந்த இரண்டு துண்டுகள் அந்தக் கோப்பில் இலட்சக்கணக்கான வரி தள்ளித் தள்ளிக் கிடக்கும். ஒரே வசனம் நூறு தரம் எழுதப்பட்டிருந்தும் ஜீஸிப்பின் கண்ணில் அது இரண்டாம் தரம் படுவதே இல்லை.

ஆகவே மூன்று பொருளையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற முறையில் சுருக்க வேண்டும். பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் பெயர், ஓட்டத்தின் இலக்கம், வாசிப்புத் தட்டில் எந்தக் கட்டம், அதில் எந்தப் புள்ளி என்பதுதான் துண்டின் பெயர். கல்யாண வீட்டில் அழைப்பிதழுக்கு விலாசப் பட்டியல் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். காலி வீதி, வெள்ளவத்தை என்று முதல் ஆளுக்கு எழுதிவிட்டு, அடுத்தவர்களுக்கு மேற்படிக் குறி போட்டு வீட்டு இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போவார்கள். பெயர்களுக்கு அது காணும்.

எழுத்துகளுக்கு உள்ள வழி இன்னும் அழகானது. எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் அவர்களின் ஜீனோம் வேறுபடுவது ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒன்று. எல்லோரிடமும் ஒரே பொது ஜீனோம், ரெபரன்ஸ் என்று நாங்கள் சொல்லும் உசாத்துணை வரிசை, இருக்குமானால் ஒரு துண்டை முழுதாக எழுதத் தேவையில்லை. எத்தனையாவது நிறமூர்த்தம் (குரோமோசோம்), எந்த இடம், அங்கிருந்து நூறு எழுத்து, 41-ஆவது எழுத்து மட்டும் ஜீக்குப் பதில் ஏ. அவ்வளவுதான். 2011-இல் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கஸ் ஃபிரிட்ஸ், ரஸ்கோ லைனோனென், கை காக்ரேன், யுவன் பேர்னி ஆகியோர் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் க்ரேம் என்ற கோப்பு வடிவம். பிற்பாடு அதன் சுருக்கும் முறைகளைக் கூர்மைப்படுத்தியதில் சாங்கர் நிறுவனத்து ஜேம்ஸ் பான்ஃபீல்டின் உழைப்பு மிகப் பெரியது. காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்த அந்த வேலையின் மேல்தான் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம்.

மிஞ்சுவது தர எண்கள். இவை எந்தப் பொது வரிசையோடும் ஒத்துப்போகாது, அருகிலுள்ள இலக்கத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவே. எழுத்துப் பகுதி ஒன்றுமில்லாமல் கரைந்த பிறகு, க்ரேம் கோப்பில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுதான்.

நான்கு பிரதி

இதையெல்லாம் படித்துவிட்டு 47-ஆம் இலக்கத்தின் அடைவைத் திறந்தேன். உள்ளே இருந்தவை: ஜீஸிப் செய்த ஃபாஸ்ட்கியூ, ஐந்து கிகாபைட். துண்டுகளை ரெபரன்ஸில் பொருத்தி வரிசைப்படுத்திய பேம் கோப்பு, ஐந்து. ஒரே துண்டின் நகல்களாக வந்த இரட்டிப்புத் துண்டுகளுக்கு அடையாளம் போட்ட பேம், ஐந்து. கடைசியாக, தர எண்களைத் திருத்திய பேம், பதினொன்று.

ஒரே ஆறு கோடித் துண்டுதான் நான்கு தரம் எழுதப்பட்டிருந்தது. கடைசிக் கோப்பு ஏன் இரட்டிப்பாக வீங்கியிருக்கிறது என்று திறந்து பார்த்தபோது, ஒவ்வொரு துண்டின் வாலிலும் இரண்டு நீண்ட எழுத்துச் சரங்கள் தொங்கின. மரபணு மாற்றங்களைத் தேட நாங்கள் பயன்படுத்திய ஜீஏடிகே மென்பொருளின் மூன்றாம் பதிப்பு, எழுத்துச் செருகல், நீக்கம் ஆகியவற்றுக்கான தர எண்களை அப்படி ஒட்டிவிடும். அதை நிறுத்த ஒரு தெரிவு உண்டு. 2016-இல் எங்களில் யாரும் அதைப் போடவில்லை. அந்தச் சரங்களை அதன் பிறகு எந்த வேலைக்கும் எடுத்ததும் இல்லை.

ஆகவே உண்மையான கேள்வி எந்த மென்பொருள் என்பதல்ல என்று விளங்கியது. நான்கில் எது மற்ற மூன்றையும் பெற்றுத் தரும்? இதில் அவசரப்பட்டால் போனது போனதுதான். எல்லா வேலையும் முடிந்த கோப்பு என்பதால் கடைசிப் பேமை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கத்தான் முதலில் கை போகும். ஆனால் அதில் தர எண்கள் மாற்றப்பட்டுவிட்டன. பழைய எண்களைத் தனி வாலாகச் சேமிக்கச் சொல்லியிருந்தாலொழிய இயந்திரம் தந்த எண்கள் அங்கே கிடையாது. ஃபாஸ்ட்கியூவை வைத்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அது வரிசைப்படாதது. இடத்தை வைத்துத் தேட முடியாது. நாங்கள் தெரிவு செய்தது மூன்றாவது: இரட்டிப்புத் துண்டுகளை நீக்காமல் அடையாளம் மட்டும் போட்ட பேம். எழுத்து, பெயர், தர எண் எல்லாம் இயந்திரம் தந்தபடியே இருக்கும். ரெபரன்ஸில் எங்கும் பொருந்தாத துண்டுகளும் கடைசியில் இருக்கும். ஃபாஸ்ட்கியூ வேண்டுமென்றால் அதிலிருந்தே திரும்ப எடுக்கலாம், துண்டுகளின் பழைய ஒழுங்கு மட்டும் மாறியிருக்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. பொருத்துவதற்கு முன் துண்டுகளின் நுனியை வெட்டியிருக்கக் கூடாது. பொருந்தாத துண்டுகளை இடையில் யாரும் வடிகட்டியிருக்கக் கூடாது. 180 எக்சோமையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒன்பது பேரின் அடைவில் ஃபாஸ்ட்கியூவை யாரோ முன்பே அழித்திருந்தார்கள், இடைப் பேம்களும் இல்லை, இருந்தது கடைசிக் கோப்பு மட்டும். அந்த ஒன்பது பேரின் அசல் தர எண்கள் இனிக் கிடைக்கவே கிடைக்காது. எழுத்துகள் தப்பியிருக்கின்றன என்பது ஆறுதல். பதிவேட்டில் அந்த ஒன்பது இலக்கத்துக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் குறித்து வைத்தோம்.

கணக்கைச் சொல்கிறேன். எக்சோமும் முழு ஜீனோமும் சேர்த்து 12.7 டெராபைட் இருந்தது. நான்கு பிரதியில் ஒன்றை மட்டும் வைத்ததில் அது 2.9 ஆனது. அந்த ஒன்றை க்ரேமாக மாற்றியதில் 1.3 ஆனது. பெரிய மிச்சம் வந்தது எந்தச் சுருக்கும் கணிதத்தாலும் அல்ல, நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்ததால். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் மூன்று கிழமை மிச்சமாகியிருக்கும்.

க்ரேம் பழைய எக்சோம்களில் மூன்றில் ஒரு பங்குதான் குறைத்தது, புதிய முழு ஜீனோம்களில் பாதிக்கும் மேல் குறைத்தது. ஒரே முறை, ஒரே ரெபரன்ஸ், பின்னே ஏன் இந்த வித்தியாசம்? தர எண்கள்தான். பழையவை ஹைசீக் இயந்திரத்தில் ஓடியவை. அது நாற்பதளவு வெவ்வேறு தர எண்களைத் தரும். புதியவை நோவாசீக்கில் ஓடியவை. அது 2, 12, 23, 37 என்று நான்கே எண்ணைத் தரும், அதிலும் பெரும்பாலானவை 37. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் சுருங்காமல் என்ன செய்யும்.

அப்படியானால் பழைய கோப்புகளின் நாற்பது எண்ணையும் எட்டாகவோ நான்காகவோ வட்டப்படுத்திவிட்டால் என்ன? இந்த இயந்திரங்களைச் செய்யும் இலுமினா நிறுவனமே எட்டுப் படி முறை ஒன்றை முன்பு வெளியிட்டது. அப்படி வட்டப்படுத்தினாலும் மரபணு மாற்றங்களைக் கண்டுபிடிப்பதில் பெரிய வித்தியாசம் வருவதில்லை என்று ஆய்வுகளும் உண்டு. எங்களுக்குள் இரண்டு நாள் வாதம் நடந்தது. இடம் வேண்டும் என்று நானே கேட்டேன். எங்கள் பிறப்புரிமையியல் டொக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கை இருக்கு. நாளைக்கு யாராவது அதைக் கேள்வி கேட்டால், அன்றைக்கு நான் பார்த்த அதே தரவை நான் திரும்பப் பார்க்க வேணும்" என்றார். அதற்குப் பிறகு நான் பேசவில்லை. நோயாளிகளின் கோப்பில் ஒரு எண்ணைக்கூடத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. இன்று திரும்பிப் பார்க்கும்போது அவர் சொன்னது சரியென்றே படுகிறது. மருத்துவத் தரவில் இழப்புச் சுருக்கம் செய்வதா என்பதை அறிக்கையில் கையெழுத்திடுபவர் தீர்மானிக்க வேண்டும், டிஸ்க்கைப் பார்த்துக்கொள்பவர் தீர்மானிக்கக் கூடாது.

அழிப்பதற்கு முன் ஒரு வேலை செய்தோம், அதுதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. ஒவ்வொரு பேமிலிருந்தும் பெயர், எழுத்து, தர எண் மூன்றையும் எடுத்து, பெயர் ஒழுங்கில் அடுக்கி, அதற்கு ஒரு எம்டி5 கைரேகை, அதாவது உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் முப்பத்திரண்டு எழுத்துக் குறி, கணித்தோம். க்ரேமைத் திரும்ப விரித்து அதற்கும் கணித்தோம். இரண்டும் ஒன்றானால் மட்டுமே அழிப்பு. கைரேகைகளைப் பதிவேட்டிலும் எழுதி வைத்தோம். மின்வெட்டுக்கு நடுவே ஆறு கிழமை ஓடிய வேலை அது.

திறக்காத கோப்பு

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். திரையில் வந்த செய்தி, ரெபரன்ஸின் எம்டி5 பொருந்தவில்லை என்று சொன்னது. பதற்றத்தில் அதன் முதல் பாதியை நாங்கள் வாசிக்கவில்லை. அரை மணித்தியாலம் டிஸ்க்கைச் சோதித்தோம், காப்புப் பிரதியை எடுத்து வந்தோம். காப்புப் பிரதியும் அதே இடத்தில் நின்றது. இரண்டு வேறு கட்டடத்தில் இருந்த இரண்டு பிரதியும் ஒரே மாதிரிப் பழுதாக வழியில்லை. அப்போதுதான் மனம் சற்று அமைதியானது.

முதலாம் நிறமூர்த்தத்தில் ஒரு இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டுப் பார்க்கும்படி உதவியாளரிடம் சொன்னேன். வரிகள் மளமளவென்று ஓடின. இரண்டாம் நிறமூர்த்தமும் ஓடியது. கோப்பு நல்லபடியாகத்தான் இருக்கிறது. நின்றது இழைமணியின் (மைட்டோகொண்ட்ரியாவின்) டீஎன்ஏயில். ஜீஏடிகேயோடு வந்த, எச்ஜி19 என்ற பெயருள்ள மனித ரெபரன்ஸில் இழைமணிதான் முதலாவதாக இருக்கும். அதனால்தான் கோப்பின் முதல் வரியே வரவில்லை.

கோப்பின் தொடக்கத்தில் விவரங்கள் எழுதியிருக்கும் தலைப்புப் பகுதியைப் பார்த்தோம். அதில் இழைமணி வரிசையின் நீளம் 16,571 என்று இருந்தது. எங்கள் ரெபரன்ஸ் அடைவில் இப்போது இருக்கும் கோப்பில் 16,569. இரண்டே இரண்டு எழுத்து வித்தியாசம் என்று பார்வைக்குத் தோன்றும். உண்மையில் இவை இரண்டு வெவ்வேறு மனிதரிடமிருந்து வந்த வரிசைகள். எச்ஜி19 பயன்படுத்தியது ஆபிரிக்க யொரூபா ஒருவருடைய இழைமணி. அதே ரெபரன்ஸ் ஜிஆர்சிஎச்37 என்ற பெயரில் மற்ற இடங்களில் கிடைக்கும்போது அதில் இருப்பது திருத்தப்பட்ட கேம்பிரிட்ஜ் வரிசை. இரண்டும் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வேறுபடும்.

நடந்தது இதுதான். 2023-இல் வேறொரு வேலைக்காக ஜிஆர்சிஎச்37 தேவைப்பட்டது. 1, 2, 3 என்று இருந்த நிறமூர்த்தப் பெயர்களை எங்கள் பழைய கோப்புகளுக்குப் பொருந்தும்படி மாற்றி, இரண்டு ரெபரன்ஸ் எதற்கு, இரண்டும் ஒன்றுதானே என்று பழையதன் மேலேயே எழுதிவிட்டோம். அடைவைச் சுத்தம் செய்கிறோம் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. பேம் கோப்புகளோடு பழகிய கைக்கு இதில் தவறு தெரியாது, ஏனென்றால் பேம் எல்லா எழுத்தையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும். க்ரேம் அப்படி அல்ல. ரெபரன்ஸ் அதற்கு வெளியே கிடக்கும் பாதி உடம்பு.

இழைமணியோடு முடியவில்லை. 3-ஆம் நிறமூர்த்தத்திலும் ஓரிரு இடத்தில் நின்றது: நிச்சயமில்லாத சில எழுத்துகள் ஒரு வடிவில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் குறிக்கப்பட்டிருந்தன. வை நிறமூர்த்தத்தின் நுனிகளும் வரவில்லை: எக்ஸ் நிறமூர்த்தத்தோடு ஒத்த அந்தப் பகுதிகள் நாங்கள் எடுத்த புதிய கோப்பில் வெற்றெழுத்தால் மூடப்பட்டிருந்தன. மற்ற நிறமூர்த்தங்களில் ஒரு சிக்கலும் இல்லை. க்ரேம் ஒவ்வொரு பகுதிக்கும் எம்டி5 வைத்துச் சரிபார்ப்பதால்தான் இவை பிடிபட்டன. சரிபார்ப்பு இல்லாதிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இல்லாத மாற்றங்கள் இருப்பதாகவும் இருந்தவை இல்லாததாகவும் விரிந்திருக்கும், நாங்களும் அதை நம்பியிருப்போம். திறக்க மறுத்த கோப்புக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வழி கோப்பின் தலைப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் அதன் ரெபரன்ஸின் எம்டி5 அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய வரிசையை ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் சேவை இணையத்தில் தரும். இந்தக் கோப்புகளைத் திறக்கும் சேம்டூல்ஸ் மென்பொருள் அப்போது வழமையாகத் தானாகவே போய் எடுத்துக்கொள்ளும். நோயாளித் தரவு இருக்கும் கணினிக்கு நாங்கள் இணையம் கொடுப்பதில்லை என்பதால் எங்களிடம் அது நடக்கவில்லை. வேறு கணினியில் மூன்று வரிசையையும் இறக்கினோம். மூன்றும் சேர்த்து 257 மெகாபைட். பென் டிரைவில் கொண்டு வந்து போட்டோம். கோப்பு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரிந்தது. 2022-இல் பதிவேட்டில் எழுதி வைத்த கைரேகையோடு ஒப்பிட்டோம். உதவியாளர் திரையிலிருந்து நான்கு நான்கு எழுத்தாக வாசிக்க, நான் பதிவேட்டில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். முப்பத்திரண்டும் சரி. இரவு எட்டு மணியாகிவிட்டது. டொக்டருக்குக் கொடுத்த வாக்கு தப்பவில்லை.

பிறகு மாற்றியவை

ரெபரன்ஸ் கோப்புகள் இப்போது தரவோடு தரவாக, எம்டி5 எண்ணையே பெயராகக் கொண்டு தனி அடைவில் இருக்கின்றன. அந்த அடைவில் சேர்க்கலாம், மாற்றவோ அழிக்கவோ முடியாது. காப்புப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதுவும் போகும். ஒரு மனித ரெபரன்ஸை எழுத்துக்கு இரண்டு பிட் வீதம் வைத்தால் 800 மெகாபைட்கூட இல்லை. அந்தச் சின்ன இடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் அந்த நாள் வந்தது. காசநோய்க் கிருமி போன்றவற்றுக்கு ரெபரன்ஸைக் க்ரேமுக்குள்ளேயே பதித்துவிடுகிறோம். 44 இலட்சம் எழுத்துத்தானே, பாரமில்லை. மாதத்தில் ஒரு நாள், ஏதாவது மூன்று கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்து, முழுதாக விரித்து, கைரேகை பார்க்கிறோம்.

2022-இன் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. ஆய்வுகூடத்துக்கு வெளியே போகும் பிரதி மறைகுறியாக்கப்பட்டே போகிறது. இதில் ஒழுங்கு முக்கியம்: முதலில் சுருக்க வேண்டும், பிறகு பூட்ட வேண்டும். பூட்டிய தரவில் திரும்ப வரும் கோலம் எதுவும் இருக்காது, ஆகவே அதைச் சுருக்கவும் முடியாது.

மீதி இருக்கும் பெரிய சுமை நானோபோர். அந்த இயந்திரம் எழுத்தைத் தருவதற்கு முன் மின்னோட்டத்தை அளக்கிறது: எங்கள் தரவு எடுத்த காலத்தில் செக்கனுக்கு 4,000 அளவு, அதே செக்கனில் 450 எழுத்தளவு டீஎன்ஏ துளைக்குள் போனது. ஒரு எழுத்துக்கு ஒன்பது அளவு, ஒவ்வொன்றும் 16 பிட். இரண்டு பிட்டில் அடங்கும் ஒரு எழுத்துக்கு 144 பிட் மூலச் சமிக்ஞை. 10,700 எழுத்தளவே உள்ள டெங்கு வைரசுக்காக நாங்கள் டெராபைட் கணக்கில் வைத்திருப்பது இதனால்தான். அதை வீசவும் மனமில்லை, ஏனென்றால் சமிக்ஞையை எழுத்தாக்கும் மென்பொருள் வருடாவருடம் திருந்துகிறது. இங்கே எங்களுக்குத் துணை வந்தது பேராதனையில் படித்த ஹசிந்து கமாராச்சியும் அவர் குழுவினரும் அவுஸ்திரேலியாவில் உருவாக்கிய ஸ்லோ5 வடிவம். அங்குள்ள கணினிப் பொறியியல் பேராசிரியர் ஸ்ரீ பரமேஸ்வரனும் அதைப் பற்றிய கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். 2022-இல் அது வெளிவந்தபோது, ஒரு மனித ஜீனோமின் சமிக்ஞை அலசல் இரண்டு கிழமைக்கு மேல் எடுத்ததைப் பத்தரை மணித்தியாலத்துக்குக் கொண்டு வந்ததாகக் காட்டினார்கள். எங்கள் பழைய சமிக்ஞைக் கோப்புகளை அதன் இருமை வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம், பாதி முடிந்திருக்கிறது.

47-ஆம் இலக்கத்தின் தரவு புதிய ரெபரன்ஸில் மறுபடி பொருத்தப்பட்டு டொக்டரிடம் போயிருக்கிறது. இரண்டு மாற்றங்களைத் தாய் தகப்பனின் மாதிரியில் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார். ரெபரன்ஸ் அடைவு இருக்கும் சேமிப்புப் பெட்டியின் முகப்பில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு தாளை உதவியாளர் ஒட்டி வைத்திருக்கிறார்: "இதில் உள்ளதும் நோயாளியின் தரவே."